அப்பனைக் கொண்ட பெட்டை

“நாளைக்கு அவங்க வர்றப்ப அப்பா முன்னறையில உட்கார்ந்திருக்கணும்” என்றேன்.

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். எனக்குப் பிடித்த வண்டிக்காரன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருகிறோம் என்று தகவல் வந்த அன்றே சொன்னாள். அதனால்தான் கேட்டேன். அம்மா குழாயடியில் உட்கார்ந்து, வேலைக்குப் போட்டுப் போகும் மேலங்கியை அலசிக்கொண்டிருந்தாள். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கோழிக்குஞ்சுகளின் பஞ்சு முடி வாளியில் மிதந்துகொண்டேதான் இருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“செத்துப்போனவரு எப்படிடி வந்து உட்காருவாரு?”

அந்த வீட்டாரிடம் அப்பாவைச் சாகடித்துவிட்டாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் மொத்தமே இரண்டு அறைகள், நடுவில் ஒரு பலகைக் கதவு. பின்னறைக் கட்டிலில் படுத்திருந்த அப்பாவின் குதிகால் வழக்கம்போலச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டொக், டொக். தான் செத்த சேதியை அவரும் கேட்டிருப்பார். காது நன்றாகத்தான் இருக்கிறது. கை, கால், நாக்கு, தொண்டை எல்லாம்தான் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குச் சோறு ஹேட்சரியிலிருந்துதான் வருகிறது. லட்சக்கணக்கில் முட்டைகளை மிஷினில் அடுக்கி, சூடு காட்டிப் பொரிக்கும் இடம். உள்ளே நுழைந்தால் வெந்நீர்ப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு வாசலையும் தாண்ட வேண்டும். அம்மாவுக்குக் குஞ்சு பிரிக்கும் மேசையில் வேலை. குஞ்சு இறங்கும் நாட்களில் பெண்கள் எதிரும் புதிருமாக நிற்பார்கள். நடுவில் ஓடும் பட்டையில் குஞ்சுகள் கத்திக்கொண்டு வரும். தவிட்டு நிறம் என்றால் பெட்டை, பெட்டிக்குப் போகும். வெள்ளை என்றால் சேவல், டிரம்முக்குப் போகும். முட்டையிடாத உயிருக்கு யார் தீனி போடுவார்கள்? டிரம்முக்குப் போனது அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று மேசையில் யாரும் பேச மாட்டார்கள்.

இது தானாக அமைந்த நிறமல்ல. தவிட்டு நிறச் சேவலையும் வெள்ளைப் பெட்டையையும் வேண்டுமென்றே சேர்த்துப் பிறக்க வைப்பது. கோழியில் இந்த நிறத்துக்கான ஜீன் பெட்டைக் குஞ்சுக்கு அப்பனிடமிருந்து மட்டும்தான் வரும். அம்மாவுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. நான் பட்டப்படிப்பில் மூன்று வருஷம் படித்ததை மேசைப் பெண்கள் ஒரே வரியில் வைத்திருந்தார்கள். “பெட்டை எப்பவும் அப்பனைத்தான் கொண்டு வரும். அம்மாக்காரி அடைகாக்க மட்டும்தான்” என்பாள் ஒருத்தி. “அதுகூட இங்க மிஷினுதான் காக்குது” என்பாள் இன்னொருத்தி. முகமூடிக்குள் சிரிப்பது கண்ணில் தெரியும்.

எங்கள் வீட்டிலேயே, ஏன் எங்கள் தெருவிலேயே, முதல் பட்டதாரி நான். எனக்கு ஹேட்சரியில் கொடுத்த வேலை பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்ப்பது. குஞ்சு எந்தக் கட்டத்தில் செத்தது, கண் வந்த பிறகா, இறகு முளைத்த பிறகா, ஓட்டைக் கொத்த ஆரம்பித்த பிறகா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். “பட்டம் வாங்கிட்டு வந்து கூமுட்டை உடைக்கிறா பாரு” என்று சிரித்தவர்கள்தான், மகள் பத்தாவது முடித்ததும் மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள்.

அப்பாவும் அங்கேதான் இருந்தார். முட்டைத் தட்டுகள் அடுக்கிய ஆளுயர வண்டியை மிஷினுக்குள் தள்ளுவது அவர் வேலை. முட்டை அதிராமல் தள்ள வேண்டும். அப்பா தள்ளினால் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலோடு நகர்த்துவது போல இருக்கும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் கை தட்டுகளைத் தவறவிட ஆரம்பித்தது. தோள் தானாகக் குலுங்கும். நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். ஆட்டக்காரன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வாயை ஊதச் சொன்னார். ஊதினார். நாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் வேலை போயிற்று.

அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அதை அம்மா ஒரு நாளும் தெருவில் சொன்னதில்லை. ‘ஆமா, குடிதான், என்ன பண்றது’ என்று தலையைக் குனிந்துகொள்வாள். ஏன் இப்படிப் பொய் சொல்கிறாய் என்று கேட்டதற்கு, “குடிகாரன் பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைச்சுடும். சீக்காளி பொண்ணுக்குக் கிடைக்காது” என்றாள். அவள் ஒன்றும் தெரியாதவள் அல்ல. கல்யாணமான சில வருஷங்களில் அப்பாவின் அண்ணன் அதே மாதிரி ஆடி ஆடிப் படுத்ததைப் பார்த்தவள். அவர்களுடைய அப்பனும் அப்படியே போனான் என்று அப்போதுதான் யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள். அம்மாவைப் பெண் கேட்டு வந்தபோது அவன் கிணற்றில் தவறி விழுந்து செத்தான் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அது வகுப்பில் தெரிந்தது. ஜீன் பாடத்தில் ஒரு பத்தி. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நடுவயது வரை வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு கை கால் தானாக ஆடும், பேச்சு குழறும், புத்தி மங்கும். “ரொம்ப அபூர்வம், பரீட்சைக்கு வராது” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். என்னால் திருப்ப முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பாவை பஸ்ஸில் கூட்டிப்போனேன். எங்களைப் பார்த்து ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தார். டாக்டரம்மா எல்லாம் சொல்லி முடித்த பிறகு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். வார்த்தை வாயில் உருண்டு வர ரொம்ப நேரம் ஆயிற்று.

“பொண்ணுக்கு?”

பாதிக்குப் பாதி என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அப்பா என் கைகளைப் பார்க்க ஆரம்பித்தார். சோற்றைக் குழைத்து ஊட்டினால் கண் சோற்றில் இருக்காது, என் விரலில் இருக்கும். டம்ளரை வைக்கும்போது கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால் முகம் செத்துவிடும். அதற்காகவே நான் எல்லாவற்றையும் மெதுவாக வைக்கப் பழகினேன்.

வண்டிக்காரனும் என் கையைத்தான் முதலில் பார்த்தான். குஞ்சுப் பெட்டிகளைப் பண்ணைகளுக்குக் கொண்டுபோகும் வண்டி அவனுடையது. வெளியூர்க்காரன், எங்கள் தெருக்கதை தெரியாது. ஒரு நாள் பெட்டியிலிருந்து தவறி விழுந்த குஞ்சை நான் எடுத்து வைத்தேன். “உன் கையில மட்டும் குஞ்சு கத்த மாட்டேங்குதே, என்ன வசியம் வச்சிருக்க?” என்றான். உன் வாயை வைத்துக்கொண்டு நீ பக்கத்தில் நின்றால் அது எப்படிக் கத்தும், பயந்துபோயிருக்கும் என்றேன். அதிலிருந்து பேச்சு. அவன் வண்டியில் குஞ்சுகளுக்குக் குளிராமல் இருக்க சன்னலை மூடியே வைத்திருப்பான். வேர்த்து ஒழுகுவான். ஆனாலும் மூடியே வைத்திருப்பான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவனிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரட்டும், கண்ணால் பார்க்கட்டும், பிறகு பேசலாம் என்றிருந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்கச் சண்டை. நான் அம்மாவை என்னவெல்லாமோ சொன்னேன். உன்னை ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று இத்தனை வருஷம் அழுதாயே, அதையே நீ இன்னொரு வீட்டுக்குச் செய்கிறாயே, வெட்கமாக இல்லையா என்றேன். அம்மா அப்பாவின் முதுகுக்கு வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவேயில்லை.

“எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இவரைக் கட்டியிருக்க மாட்டேன். கட்டலன்னா நீ ஏதுடி? நீ பிறந்ததே ஒரு பொய்யிலதான். இப்ப வந்து எனக்கு உண்மை சொல்லித் தர்றியா?”

இதற்குப் பதில் பாடத்தில் இல்லை. அவளுக்கே என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மேசையில் குஞ்சைத் திருப்பிப் பார்ப்பதைப் போலவே பார்த்தாள்.

“உனக்கு வராதுடி. நீ என்னைக் கொண்டு பிறந்தவ. என் நிறம், என் மூக்கு, காது மடல்கூட என்னுது. இவர் சாடை உங்கிட்ட ஒரு பொட்டு இல்ல. இத்தனை வருஷமா பார்த்துப் பார்த்துப் பிரிக்கிறேன். என் கண்ணு தப்பாது.”

அவள் கண் தப்பிய நாள் ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கும் தெரியும். தாய்க்கோழிப் பண்ணையில் தடுப்புக் கம்பி அறுந்து, வெள்ளை இனத்துச் சேவல்கள் வெள்ளைப் பெட்டைகளோடு கலந்துவிட்டன. அப்படிக் கலந்தால் பெட்டைக் குஞ்சும் வெள்ளையாகத்தான் பிறக்கும். யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கொட்டகை முட்டைகள் பொரித்த அன்று பட்டையில் வந்தது அநேகமாக எல்லாம் வெள்ளை. அம்மாவின் கை பழக்கத்தில் ஓடியது. வெள்ளை, டிரம். வெள்ளை, டிரம். எதிரே நின்றவளும் அப்படியே. ‘இன்னைக்கு ஒரே ஆம்பளப் புள்ளையா பெத்துப் போட்டிருக்குதுங்க’ என்று கேலி வேறு. பெட்டிகள் காலியாகக் கிடப்பதை சூப்பர்வைசர் பார்த்து ஓடி வருவதற்குள் டிரம்கள் நிறைந்துவிட்டன. அன்று அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நிறத்தைப் பார்த்தேனே, நிறத்தைத்தானே பார்க்கச் சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அதை அந்தச் சாயங்காலம் அவளிடம் ஞாபகப்படுத்தியிருக்கலாம். முகவாயைப் பிடித்த கை சூடாக இருந்தது.

அவளுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. நான் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்திருந்தேன். தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டுமா, தெரிந்த பிறகு தெரியாமல் ஆக்க முடியாது என்று டாக்டரம்மா பல தடவை கேட்டார். வேண்டும் என்றேன். சரி, பதில் கேட்க வரும்போது கூட ஒரு ஆளைக் கூட்டி வா, தனியாக வராதே என்றார். பதில் வந்துவிட்டது என்றும், அவர்கள் பெண் கேட்டு வரும் அதே நாள் மாலைக்குள் வரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். கூட்டிப்போக நான் மனசில் வைத்திருந்த ஆள் வண்டிக்காரன்தான்.

குஞ்சு இறங்காத நாள்தான் எங்களுக்கு விடுமுறை. மறுநாள் அப்படி ஒரு நாள், காலையிலேயே வந்தார்கள். அவன், அவன் அம்மா, அவனுடைய மாமா. அம்மா முன்னறையைக் கழுவி, பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். டீ, பிஸ்கட், அவித்த முட்டை. ஹேட்சரிக்காரி வீட்டில் முட்டைக்கா பஞ்சம் என்றார் மாமா. நல்ல மனுஷர். சிரிக்க வைக்கத் தெரிந்தவர். பலகைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு துணித்திரை புதிதாகத் தொங்கியது.

அவன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். என்ன படித்தேன் என்று கேட்டு, சொன்னதும் புரிந்த மாதிரி தலையாட்டினார். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரரு எப்படி…?”

“குடிதாங்க. கெட்ட சகவாசம். போய் ரொம்ப வருஷமாச்சு.”

டொக்.

எல்லார் கண்ணும் திரைக்குப் போனது. ஆனால் சத்தம் எப்போதையும்விட அமுங்கலாக இருந்தது. எனக்கு மட்டும்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது. என்னவென்று புரியவில்லை.

“என்னம்மா சத்தம்?” என்றார் மாமா.

“கோழிங்க” என்றாள் அம்மா. “பின்னால ரெண்டு வளர்க்கிறோம்.”

“நாள் பூரா அதுக மூஞ்சியிலதான் முழிக்கிறீங்க, வீட்டுலயுமா? விட்டா பந்தியிலயும் அதுகளை உட்கார வச்சுட்டுத்தான் எங்களுக்கு இடம் போடுவீங்க போல.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். டொக், டொக். இந்தத் தடவை அமுங்கலாக இல்லை. நேராகச் சுவரில் விழுந்தது.

“சேவலா இருக்கும். என்னா துள்ளு துள்ளுது” என்றார் மாமா.

நான் எழுந்தேன். அம்மா என் முந்தானையைப் பிடித்தாள். பிடியை விடுவித்துக்கொண்டு, திரையை ஒதுக்கிக் கதவைத் தள்ளினேன்.

அப்பா கட்டிலில் இல்லை. தரையில் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார். தலையணையைச் சுவரில் வைத்து, ஆடுகிற இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார், குதிகால் அதன்மேல் விழட்டும் என்று. கட்டிலிலிருந்து அவர் தனியாக எப்படி இறங்கினார் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. தலையணை நழுவி எட்டப் போய்க் கிடந்தது. அதை எட்டிப் பிடிக்கப் போன கை காற்றில் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. சட்டையெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் அழுதார்.

“தல…காணி… நழுவிடுச்சும்மா.”

“எங்கப்பா” என்றேன். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். அவர் குடித்ததில்லை, நோய் இது, அவர் அப்பனுக்கும் அண்ணனுக்கும் இருந்தது, எனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்று வகுப்பில் ஒப்பிப்பது மாதிரி சொல்லி முடித்தேன்.

அவன் மாமாதான் முதலில் எழுந்து போய் அப்பாவின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தார். ‘தப்பா எடுத்துக்காதீங்க, கோழின்னு…’ என்று அப்பாவிடமே சொன்னார். அவன் அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

“நீ நல்லா இருப்பம்மா. சொன்னியே, அதுவே பெரிசு. ஆனா எனக்கு இருக்கிறது ஒரே புள்ளை” என்று என் தலையைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

அவன் மட்டும் நின்றான். குழாயடிக்கு என்னைக் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டான். சொல்லத்தான் வரச் சொன்னேன் என்றேன். வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“இதுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க முடியும்ல?”

“முடியும்.”

“அப்ப பாரு. இல்லன்னு வந்துச்சுன்னா எங்கம்மாவை நான் சம்மதிக்க வைக்கிறேன். சத்தியமா. கால்ல விழுந்தாவது.”

“இருக்குன்னு வந்தா?”

அவன் கண் இறங்கி வந்து என் கையில் நின்றது. குஞ்சு கத்தாத கை என்று அவன் சொன்ன அதே கை. ஈயம் பூசுகிறவன் பாத்திரத்தில் ஓட்டையைத் தேடுவது மாதிரி தேடினான். அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார். ஆனால் அப்பா எனக்காகப் பார்ப்பார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவன் பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வார்த்தை பொய்யாகவாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று என் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. இத்தனை நாள் பொய்யைத்தான் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். போ, உன் அம்மா காத்திருக்கிறார் என்றேன்.

உள்ளே வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவித்த முட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கெடுத்துட்டியேடி. உனக்கு வரவே வராதுன்னு சொன்னேனே. என்னைக் கொண்டு பிறந்தவளை…”

“வெள்ளையா வந்ததுல பாதி பெட்டைம்மா” என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. குஞ்சுகளை டிரம்முக்குள் போட்ட கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். அவள் அழுது நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சத்தமே வராமல் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு நாற்காலிகளில் கைப்பிடி உள்ளதாக ஒன்றை எடுத்து வாசலைப் பார்த்துப் போட்டேன். அப்பாவின் சட்டையை மாற்றி, தாங்கிக் கூட்டி வந்து அதில் உட்காரவைத்தேன். வேண்டாம், தெருவில் பார்ப்பார்கள் என்று குழறினார். பார்க்கட்டும் என்றேன். அம்மா எழுந்து, ஆறிய டீயில் பிஸ்கட்டை ஊறவைத்து, துணியை அவர் மார்பில் விரித்து, ஊட்ட ஆரம்பித்தாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

“எங்க போற?”

ஆஸ்பத்திரிக்கு என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் வரட்டுமா என்றாள். அப்பாவை யார் பார்ப்பது என்றேன். அப்பா என் கையைப் பார்த்தார். நான் அதை அவர் கன்னத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

வண்டி தெருமுனையில் நின்றது. அவன் அம்மாவையும் மாமாவையும் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். நான் கிட்டே போனதும் இறங்கி, பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தான். கண் சிவந்திருந்தது.

“எங்க போகணும்? ஏறு, கொண்டு போய் விடறேன்.”

கூட ஒரு ஆளைக் கூட்டி வா என்று சொல்லியிருந்தார்கள். ஏறினால் அவன் என்னோடு வந்து, பதில் சொல்லும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். இல்லை என்று வந்தால் சிரிப்பான். இருக்கிறது என்று வந்தால் மறுபடி என் கையைப் பார்ப்பான். இருக்கிறது என்று வந்தாலும், இல்லை என்று வந்தாலும், இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று அவன் கண் என் கையில் நின்றபோதே முடிவாகிவிட்டது.

கதவை அவன் பிடித்தபடியே நிற்க, தாண்டி நடந்தேன். பின்னால் முன்னறையில் அப்பாவின் குதிகால் நாற்காலிக் காலில் மோதும் சத்தம் தெருவுக்கே கேட்டது. என்ன சத்தம் அது என்று யாரோ கேட்டார்கள். “எங்க வீட்டுக்காரரு” என்று அம்மா சொல்வது கேட்டது.